போனில் பறக்கும் தமிழ், கம்ப்யூட்டரில் ஏன் தடுமாறுகிறது? கீபோர்டு லேஅவுட் என்னும் கவனிக்கப்படாத சிக்கல்

அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு தமிழ் அறிவிப்பு அனுப்ப வேண்டும். நான்கே நான்கு வரி. மேசையில் நல்ல டெஸ்க்டாப் இருக்கிறது. பெரிய திரை, முழு அளவு கீபோர்டு. ஆனால் அந்த ஊழியர் செய்வது என்ன? பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கிறார். நான்கு வரியையும் கட்டைவிரலால் அடித்து, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறார். பிறகு கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, காப்பி செய்து, மெயிலில் ஒட்டுகிறார். "இதுல தமிழ் அடிச்சா என்னென்னமோ வருது சார், போன்லதான் ஈஸி" என்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் சிரிக்கிறார். அவரும் தினமும் அதைத்தான் செய்கிறார்.

வங்கி, பள்ளி, ஐ.டி. நிறுவனம், அரசு அலுவலகம் என்று எங்கு போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இது சோம்பல் இல்லை, தமிழ் தெரியாததும் இல்லை. போனில் மணிக்கணக்கில் தமிழில் அரட்டை அடிப்பவர்தான் கம்ப்யூட்டர் முன்னால் ஊமையாகிறார். காரணம், செட்டிங்ஸில் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு சின்ன விஷயம்: கீபோர்டு லேஅவுட், அதாவது விசைப்பலகை அமைப்பு.

இதைத் தனிமனிதரின் செட்டிங்ஸ் பிரச்சினையாகப் பார்ப்பதுதான் தவறு. எந்த லேஅவுட் முதலிலேயே போடப்பட்டிருக்கிறதோ அதுதான் பெரும்பாலானோர் எழுதும் மொழியைத் தீர்மானிக்கிறது. அந்த முடிவை யாரும் எடுக்காமல் விட்டதன் விலையைத் தமிழில் எழுதுபவர்கள் நாள்தோறும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீபோர்டுக்கு எழுத்து தெரியாது

முதலில் அடிப்படை. கீபோர்டின் மேல் 'ஏ' என்று அச்சிட்டிருப்பதால் அது 'ஏ' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கீபோர்டுக்கு எந்த எழுத்தும் தெரியாது. "இந்த இடத்தில் இருக்கும் விசை அழுத்தப்பட்டது" என்று ஓர் எண்ணை மட்டும் அது அனுப்பும். அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தில் இருக்கும் ஓர் அட்டவணை. அந்த அட்டவணைதான் லேஅவுட்.

அதனால்தான் கீபோர்டில் ஒன்று அச்சாகியிருக்க, திரையில் வேறொன்று வருகிறது. இந்தியாவில் விற்கப்படும் கீபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பில் இருப்பவை. கணினியில் தெரியாமல் பிரிட்டன் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மின்னஞ்சலுக்கான 'அட்' குறி வர வேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறி வந்து நிற்கும். எண் 3-க்கு மேல் இருக்கும் 'ஹேஷ்' குறியை அடித்தால் பவுண்டு குறி வரும். கீபோர்டு பழுது என்று நினைத்துப் புதிதாக வாங்கினாலும் அதே கதைதான். கோளாறு கீபோர்டில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது.

ரூபாய் குறியும் இப்படித்தான். ₹ குறியை இந்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் அது யூனிகோடிலும் சேர்ந்தது. இன்றும் பல அலுவலகங்களில் 'ரூ.' என்று அடித்துச் சமாளிக்கிறார்கள். விண்டோஸில் 'இங்கிலீஷ் (இந்தியா)' லேஅவுட் இருந்தால் வலப்பக்க ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் போதும், ₹ வந்துவிடும். அமெரிக்க லேஅவுட்டில் அதே விசைகளை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. விசை அதேதான், விரலும் அதேதான். அட்டவணை மட்டும் வேறு.

ஒரே விசை, நான்கு எழுத்து

ஆங்கிலத்தில் இரண்டு மூன்று குறிகள்தான் இடம் மாறும். தமிழில் மொத்த எழுத்தும் இடம் மாறும். உதாரணத்துக்கு 'ஹெச்' விசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்99 அமைப்பில் அதை அழுத்தினால் 'க' வரும். இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் 'ப' வரும். ஆங்கில ஒலிப்படி எழுதும் ஃபொனெட்டிக் அமைப்பில் 'ஹ்' வரும். பாமினி எழுத்துருவில் பழகியவருக்கு அது துணைக்கால், அதாவது 'ா'.

நான்கு பேர் ஒரே கணினியை மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், நால்வருக்கும் தமிழ் டைப்பிங் தெரியும். ஆனால் ஒருவர் விட்டுப்போன செட்டிங்கில் இன்னொருவரால் ஒரு சொல்கூட அடிக்க முடியாது. "என்னப்பா இது, யாரு மாத்தினது?" என்ற குரல் எழும்போது யார் மேலும் தப்பு இல்லை. நால்வரும் நான்கு வெவ்வேறு வரலாறுகளின் வாரிசுகள்.

இத்தனை அமைப்புகள் எப்படி வந்தன?

தமிழ்த் தட்டச்சின் கதை சிங்கப்பூரில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் ஆர்.முத்தையாவிடமிருந்து தொடங்குகிறது. 247 எழுத்துகளை ஒரு சிறு இயந்திரத்துக்குள் அடக்கியதற்காக அவர் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அழைக்கப்படுகிறார். தட்டச்சு இயந்திரத்தின் விதி எளிது: கண்ணுக்கு எது முதலில் தெரிகிறதோ அதை முதலில் அடிக்க வேண்டும். 'கெ' எழுத முதலில் கொம்பு, பிறகு 'க'. இந்தப் பழக்கம் பல தலைமுறைத் தட்டச்சர்களின் விரல்களில் ஊறிப்போனது.

கணினி வந்தபோது தமிழுக்கென்று பொதுவான குறியீடு நடைமுறையில் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் வந்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பரவிய பாமினி அப்படிப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். பழைய கோப்புகளைத் திறந்தவர்களுக்கு அந்த அதிர்ச்சி நன்றாகத் தெரியும்.

இன்னொரு பக்கம் டெல்லியிலிருந்து இன்ஸ்கிரிப்ட் வந்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு என்பது அதன் நோக்கம். 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்திலும் அது இடம்பெற்றது. நோக்கம் நல்லதுதான், இந்தியில் பழகியவர் அதே விரல்களால் தெலுங்கும் மலையாளமும் அடிக்கலாம். ஆனால் தமிழுக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. வர்க்க எழுத்துகளுக்காக ஒதுக்கிய இடங்கள் தமிழில் காலியாகக் கிடக்கின்றன. 'ஒய்', 'ஐ', 'ஓ' விசைகளுக்குத் தமிழில் வேலையே இல்லை. ஆனால் தமிழில் அடிக்கடி வரும் ண, ன, ற, ள, ழ ஐந்துக்கும் ஷிஃப்ட் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். 'அவன்', 'என்ன', 'நான்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் சுண்டுவிரலுக்குத் தண்டனை.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் ஒரு பொது அமைப்பு பேசி முடிவு செய்யப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. அதுதான் தமிழ்99. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என்று 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடும், ஷிஃப்ட் தேவையில்லை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில். 'க' அடித்து 'இ' அடித்தால் தானே 'கி' ஆகும். கொம்பையும் சுழியையும் தேடி அலைய வேண்டாம்.

இதைவிட முக்கியம், தமிழ்99-க்குக் கொஞ்சம் இலக்கணம் தெரியும். 'அப்பா' எழுத அ, ப, ப, ஆ என்று நான்கே விசை. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ம-வுக்குப் பின் ப என்று இன எழுத்துகள் வந்தாலும் அப்படித்தான். 'தங்கச்சி' எழுத த, ங, க, ச, ச, இ என்று ஆறு விசை போதும். ஆங்கில ஒலியில் அதையே எழுதினால் 11 எழுத்து. புள்ளி விழக் கூடாத 'மமதை' போன்ற சொல்லில் முதல் 'ம'-வுக்குப் பின் ஒரு 'அ' அடித்தால் போதும், புள்ளி விழாது.

இவ்வளவு நல்ல அமைப்பு கால் நூற்றாண்டுக்கு மேலாக இருந்தும் அலுவலக ஊழியர் ஏன் இன்னும் போனை எடுக்கிறார்? அரசாணையில் ஏற்ற ஒன்று மேசைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் பதில்.

எங்கெல்லாம் கடிக்கிறது?

புது கணினி வாங்கினால் அதில் ஆங்கில லேஅவுட் மட்டும்தான் இருக்கும். தமிழை யாராவது தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போதும் பட்டியலில் வெறும் 'தமிழ்' என்று இருப்பது இன்ஸ்கிரிப்டாக இருக்கக்கூடும். விவரம் தெரியாதவர் அதைப் போட்டுவிட்டு, யூடியூபில் பார்த்த தமிழ்99 பாடத்தின்படி அடித்துப் பார்ப்பார். எழுத்து மாறி வரும். "தமிழ் சப்போர்ட் சரியில்ல" என்று கைகழுவிவிடுவார். இயங்குதளத்திலும் தப்பு இல்லை, பாடத்திலும் தப்பு இல்லை. பெயர்தான் குழப்பியது.

அடுத்தது பாஸ்வேர்டு. தமிழ் லேஅவுட்டில் வேலை செய்துவிட்டு, மாற்ற மறந்து, பாஸ்வேர்டு பெட்டிக்குப் போனால் உள்ளே விழுவது தமிழ் எழுத்து. திரையில் தெரிவதோ கறுப்புப் புள்ளிகள் மட்டும். மூன்று முறை, ஐந்து முறை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டப்படும். உடனே ஐ.டி. பிரிவுக்குப் போன், டிக்கெட், காத்திருப்பு. இப்படி ஒரு முறை மாட்டியவர் தமிழ் லேஅவுட்டையே கணினியிலிருந்து நீக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

விண்டோஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி லேஅவுட்டை நினைவில் வைக்கும் வசதி ஒன்று உண்டு. அது இயங்குவது தெரியாவிட்டால் வேர்டில் தமிழ், மெயிலில் ஆங்கிலம், எக்செலில் மறுபடி தமிழ் என்று கண்ணாமூச்சி ஆடுவதுபோல் இருக்கும். வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. வீட்டுக் கணினியின் லேஅவுட் அலுவலகக் கணினியின் அமர்வுக்குள்ளும் வந்து சேர்ந்துகொள்ளும். நேற்று இல்லாத லேஅவுட் இன்று பட்டியலில் எப்படி வந்தது என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டியிருப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி வேலை தேடும் இளைஞர்களுக்கு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை தட்டச்சுத் தேர்வு நடத்துகிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். சின்ன ஊர்களின் மாடி அறைகளில் இரும்பு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, காலை ஆறு மணிக்கே பயிற்சி எடுத்துத் தேறி வருகிறார்கள். வேலையில் சேர்ந்தபின் எதிரில் இருப்பது யூனிகோடு கணினி. இயந்திரத்தில் கொம்பு முதலில். யூனிகோடிலோ 'க' முதலில் பதிவாகி, கொம்பு அதற்குப் பின்னால் சேர்கிறது. பழைய வரிசையில் அடிப்பதை மாற்றித்தர இடையில் ஒரு தனி மென்பொருள் வேண்டும். அது இல்லாத கணினியில் மாதக்கணக்கில் பழகிய விரல்வேகம் செல்லாக்காசு. "தமிழ் ஹையர் பாஸ் பண்ணவங்கதானே, ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கும் அதிகாரிக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

கண்ணுக்குத் தெரியாத பிழை

வேகம் குறைவது ஒரு நஷ்டம். அதைவிட ஆபத்தானது, அடித்தது சரியாகத் தெரிந்தும் தப்பாகப் பதிவாவது.

'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். சரியான முறையில் அது 'க'-வும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. ஆனால் அந்தக் குறி எந்த விசையில் இருக்கிறது என்று தெரியாதவர் என்ன செய்வார்? 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' அடிப்பார். பார்க்கக் கிட்டத்தட்ட அதேபோல் 'கெளரி' என்று இருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. அகரவரிசையில் இரண்டும் வெவ்வேறு இடத்தில் போய் உட்காரும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இரண்டாவதைக் 'கெ-ள-ரி' என்று படிக்கும். கௌதம், சௌமியா, மௌனிகா என்று ஔகாரம் கொண்ட எல்லாப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு.

'தமிழர்' என்ற சொல்லிலும் இதே கதை. தட்டச்சுப் பழக்கத்தில் 'ர்' எழுத, 'ர'-வுக்குப் பதிலாகத் துணைக்காலின் மேல் புள்ளி வைத்து 'தமிழா்' என்று அடிப்பது உண்டு. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளிலும் இந்தப் பிழை நிறைய. இணையத்தில் 'தமிழர்' என்று தேடுபவருக்கு 'தமிழா்' உள்ள பக்கம் சிக்காமல் போகலாம். 'ஸ்ரீ' இன்னொரு வகை. 2005-இல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்ததிலிருந்து அந்த எழுத்தை இரண்டு விதமாகப் பதிவு செய்ய முடிகிறது. எந்த விதம் வரும் என்பது கீபோர்டு மென்பொருளைப் பொறுத்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஒரு கட்டுரையில் இது நடந்தால் பரவாயில்லை. வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்றிதழ், பட்டா, மருத்துவமனைப் பதிவு போன்றவற்றில் நடந்தால்? "உங்க பேரு லிஸ்ட்ல இல்லைங்களே" என்ற பதில் வரும். பெயர் அங்கேதான் இருக்கும். வேறு விசைகளால் அடிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அலைச்சல் மட்டும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரருக்கு.

'வாய்ஸ் டைப்பிங் இருக்கே?'

இதற்கெல்லாம் ஏன் மெனக்கெட வேண்டும், பேசினால் போன் எழுதிவிடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு செய்தி அனுப்பக் குரல்வழி எழுத்து போதும். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில் ஒரு ஊழியரின் சம்பள விவரத்தையோ ஒரு நோயாளியின் குறிப்பையோ உரக்கச் சொல்லி எழுத முடியாது. எக்செல் அட்டவணையில் நூறு பெயரைத் திருத்தவும், ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு சொல்லை மாற்றவும் விரல்தான் வேண்டும்.

ஃபொனெட்டிக் போதாதா என்பது அடுத்த கேள்வி. ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழை வரவைப்பது தொடங்க எளிது. யாரும் அதைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. எழுதாமலே இருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ந, ன, ண மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. ர-வும் ற-வும் அப்படியே. ல, ள, ழ கேட்கவே வேண்டாம். எனவே எழுதுபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் மென்பொருள் காட்டும் பரிந்துரையை நம்ப வேண்டியிருக்கிறது. அவசரத்தில் முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தால் 'பள்ளி' பல்லியாகிவிடும், 'மனம்' மணமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழை நினைத்து, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி, மறுபடி தமிழாக்கும் சுற்றுவழி அது. நாலு வரிக்குச் சரி. நாள் முழுக்க எழுதுபவருக்குச் சுமை.

ஆங்கிலம் மட்டும் அடிக்கத் தெரிந்தால் போதாதா என்ற வாதமும் உண்டு. இதே எண்ணம் பிரான்ஸில்கூடப் பிரச்சினை ஆனது. பெரிய எழுத்தின் மேல் வரும் உச்சரிப்புக் குறிகளை வழக்கமான பிரெஞ்சு கீபோர்டில் சரியாக அடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்று அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகமே 2016-இல் சொன்னது. பேச்சோடு நிற்கவில்லை. 2019-இல் பிரெஞ்சு மொழிக்கான கீபோர்டுத் தரம் முதன்முறையாக வெளியானது. சில குறிகள் இடம் தவறி இருப்பதையே ஓர் அரசு பண்பாட்டுப் பிரச்சினையாகப் பார்க்கிறது. இங்கே முழு மொழியே பட்டியலில் தேடிச் சேர்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது.

சரிசெய்ய என்ன வழி?

தனிப்பட்ட கணினியில் இதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும்.

விண்டோஸில் செட்டிங்ஸ் போய், 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததோடு விட்டுவிடக் கூடாது. தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், 'கீபோர்ட்ஸ்' என்ற இடத்தில் 'தமிழ் 99' இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்து, தேவைப்படாத மற்ற தமிழ் லேஅவுட்களை நீக்கிவிட வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அதன்பின் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரை அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம். திரையின் கீழ் வலது மூலையில் இப்போது எந்த மொழி என்று தெரியும். பாஸ்வேர்டு அடிக்கும் முன் அங்கே ஒரு பார்வை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

மேக் கணினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' உள்ளே கீபோர்டு பகுதியில் 'இன்புட் சோர்ஸஸ்' இருக்கும். அதில் தமிழ்99-உம் அஞ்சலும் உண்டு. அஞ்சல் என்பது ஆங்கில ஒலிப்படி எழுதும் முறை.

லினக்ஸில் கொஞ்சம் கவனம் தேவை. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே தெரிந்த எளிய லேஅவுட்டால் தமிழ்99-இன் தானியங்கிப் புள்ளி போன்ற விதிகளைச் செயல்படுத்த முடியாது. ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதில் இருக்கும் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய தட்டச்சு முறையில் பழகியவர்களுக்கும் அந்தத் தொகுப்பில் வழி உண்டு.

பழகுவது கஷ்டமா? முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சல் வரும்; அதை மறைக்கத் தேவையில்லை. உயிரெல்லாம் இடக்கையில், க, ப, ம, த, ந எல்லாம் வலக்கை நடுவரிசையில் என்ற கணக்கு பிடிபட்டுவிட்டால் கை தானே ஓடும். விசைகளின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரோ திரை ஓரத்தில் ஒரு படமோ தொடக்கத்தில் கைகொடுக்கும். தினமும் இருபது நிமிடம், சில வாரங்கள். ஆங்கிலக் கீபோர்டைப் பழக எடுத்த நேரத்தைவிட இது அதிகம் இல்லை.

தனிமனிதர் தோளில் மட்டும் ஏன்?

ஆனாலும் 'ஒவ்வொருவரும் போய்ச் செட்டிங்ஸை மாத்திக்கோங்க' என்று சொல்லி முடித்துவிட்டால் அது பாதி நியாயம்தான். பல அலுவலகங்களில் ஊழியருக்கு மென்பொருள் நிறுவும் அனுமதியே கிடையாது. சிலவற்றில் மொழி செட்டிங்ஸைக்கூடத் தொட முடியாது. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசக் கருவிகள் ஒரு தலைமுறையையே தமிழில் எழுத வைத்தன. பூட்டிய கணினியில் அவற்றை எப்படிப் போடுவது? எனவே தீர்வு மேலிருந்தும் வர வேண்டும்.

முதலில், தமிழ்நாட்டில் அரசுப் பணத்தில் வாங்கப்படும் ஒவ்வொரு கணினியும் மேசைக்கு வரும்போதே ஆங்கிலத்தோடு தமிழ்99-உம் தயாராக இருக்க வேண்டும். கீபோர்டில் தமிழ் எழுத்தும் அச்சாகியிருக்க வேண்டும். ஐ.டி. பிரிவுக்கு இது பெரிய வேலை இல்லை. நூறு கணினிக்கும் ஒரே மாதிரி மென்பொருள் ஏற்றும்போது அதில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. தமிழில் வாடிக்கையாளரோடு பேசும் தனியார் நிறுவனங்களும் இதைச் செய்யலாம்.

அடுத்தது, கற்பிக்கும் இடமும் வேலை செய்யும் இடமும் ஒரே மொழி பேச வேண்டும். தட்டச்சுத் தேர்வில் கற்றது அலுவலகக் கணினியில் செல்லுபடியாகாது என்றால் மாணவரின் பணமும் காலமும் வீண். பள்ளிக் கணினி வகுப்பிலேயே தமிழ்99-ஐ ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்தால் கல்லூரி முடிப்பதற்குள் அது இயல்பாகிவிடும்.

மூன்றாவது, பழைய முறையில் பழகியவர்களைத் தண்டிக்கக் கூடாது. இருபது ஆண்டு தட்டச்சு முறையில் எழுதியவரை ஒரே நாளில் மாறச் சொல்வது கொடுமை. அவருக்கு அந்த லேஅவுட் ஒரு தேர்வாக இருக்கட்டும். ஆனால் எந்த முறையில் அடித்தாலும் உள்ளே பதிவாவது சரியான யூனிகோடாக இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ்99.

கடைசியாக, பெயர்ப் பதிவு மென்பொருள் எழுதுபவர்களின் பொறுப்பு. 'கெள' என்று அடித்தால் "கௌ என்பதா?" என்று கேட்கவும், 'ா்' என்பதை 'ர்' என்று திருத்தவும், 'ஸ்ரீ'-யின் இரு பதிவுகளையும் தேடலில் ஒன்றாகக் கருதவும் சில வரி நிரல் போதும். இந்தக் கட்டுரையின் வாசகர்களில் பலர் அப்படிப்பட்ட மென்பொருளை எழுதும் வேலையில்தான் இருப்பார்கள். அடுத்த முறை ஒரு படிவத்தில் தமிழ்ப் பெயருக்கான கட்டத்தை அமைக்கும்போது இதை நினைத்துக்கொண்டால், எங்கோ ஓர் ஊரில் ஒரு கௌரிக்கு ஓர் அலைச்சல் மிச்சமாகும்.

அலுவலக அறிவிப்பின் அந்த நான்கு வரியைப் போனில் அடித்து ஒட்டிவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப்போகாது. ஆனால் நான்கு வரிக்கு மேல் எழுத வேண்டியிருக்கும்போது அதே ஊழியர் "எதுக்கு வம்பு, இங்கிலீஷ்லயே போட்டுடலாம்" என்று முடிவெடுப்பார். அறிக்கை, ஒப்பந்தம், பயிற்சிக் கையேடு, புகாருக்கான பதில் என்று நீளமானவை எல்லாம் அப்படித்தான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்குப் போகின்றன. யாரும் தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீபோர்டில் வரவில்லை, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய ஒரு செட்டிங்குக்காக ஒரு மொழி அலுவலக மேசையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.